எவ்வயதுப் பிள்ளைக்கு?

வைத்தியர் ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்குமுன் கேட்கும் முதற் கேள்வி, "வயது என்ன?" என்பதாகும். பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வரும் தாயிடம் ஆசிரியர் கேட்பதும் அக்கேள்வியே. ஐந்து வயதினர்க்கு உரிய பாடம் வேறு. பன்னிரண்டு வயதினர்க்கு உரிய பாடம் வேறு. பிள்ளைப் பருவத்தைப் பத்தாக வகுத்து, சப்பாணிக்கு வேறாகவும் அம்புலிக்கு வேறாகவும் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர்கள். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் இல்லங்களிலே வந்தமர்ந்த புதிய ஆசான் ஒருவர், எதிரே இருந்த எவருடைய வயதையும் கேட்டாரல்லர். அவ்வாசானே தொலைக்காட்சிப் பெட்டி.

"நீர் காட்டும் நிகழ்ச்சி எவ்வயதுப் பிள்ளைக்கு?" என்று ஒளிபரப்பு நிலையத்தாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் 1960களின் இறுதியில் எழுந்தது. அக்கேள்வி ஓர் அரசாங்கப் படிவத்தில் இடம்பெறுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. கேள்வி எவ்வாறு பிறந்தது, ஏன் இத்துணைக் காலம் தாழ்த்தது, எழுதப்பட்ட விடையால் விளைந்த பயன் யாது என்பவற்றை ஆராய்வது, குழந்தைகளின் நலத்தைச் சட்டத்தால் எவ்வளவு காக்கலாம், எவ்வளவு காக்க இயலாது என்பதை அறிய உதவும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி தொடக்கம் முதலே பெரும்பாலும் வணிகர் கையில் இருந்தது. எனினும் நிலையங்கள் பயன்படுத்தும் வானலைகள் வணிகருடைய சொத்து அல்ல. அவை பொதுமக்களுக்கு உரியவை. ஆதலால், 1934ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சித் தொடர்பு ஆணைக்குழு என்னும் ஓர் அமைப்பை நிறுவி, பொதுநலத்துக்கு உகந்தவாறு நடப்போர்க்கே ஒளிபரப்பு அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும் எனப் பணித்தது. அனுமதி குறித்த காலத்துக்கே உரியது. காலம் முடிந்ததும் நிலையத்தார் மீண்டும் ஆணைக்குழுவின் வாயிலில் வந்து நிற்றல் வேண்டும். பின்வந்த முயற்சிகள் அனைத்துக்கும் பிடிகொம்பாக அமைந்தது இந்த ஏற்பாடே.

பொதுநலம் என்ற சொல் பெரிது. அதன் பொருளோ தெளிவற்றது. 1961ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், ஆணைக்குழுவின் தலைவராக இருந்த நியூற்றன் மினோ, வாஷிங்டனிலே கூடியிருந்த ஒளிபரப்பாளர் முன்னிலையில் உரையாற்றினார். உங்கள் நிலையத்தைக் காலை முதல் இரவு வரை இடைவிடாது நீங்களே பார்த்திருங்கள். காண்பது பரந்ததொரு பாழ்நிலமே என்று அவர் கூறியதைக் கேட்டு நாடு முழுவதும் திடுக்கிட்டது. குழந்தைகளைப் பற்றியும் அவர் அன்று கவலையோடு பேசினார். ஆயினும் பேச்சு, விதி ஆகிவிடாது. சனிக்கிழமைக் காலை வேளை சித்திரப் படங்களுக்கும், இடையிடையே மிட்டாய் விளம்பரங்களுக்கும், விளையாட்டுப் பொம்மை விளம்பரங்களுக்கும் உரியதாயிற்று.

விதியைக் கோரி எழுந்தவர்கள் சட்ட வல்லுநரோ பேராசிரியரோ அல்லர், தாய்மார். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் நியூற்றன் நகரில், பெக்கி சாரென் என்பவரின் வீட்டு முன்னறையில், 1968ஆம் ஆண்டில் ஒரு சிறு சங்கம் தோன்றியது. 'குழந்தைகள் தொலைக்காட்சிக்கான செயற்குழு' எனப் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. சாரென் சிறுவர்க்கான புத்தகக் கண்காட்சிகளை நடத்தியவர். ஆதலால், நூல்களைப் பிள்ளைகளின் வயதுக்கேற்ப அடுக்கி வைத்தல் அவருக்குப் பழகிய தொழில். புத்தகத்துக்கு உள்ள ஒழுங்கு பெட்டிக்கு ஏன் இல்லை என்ற வினா இத்தகைய ஒருவரிடமிருந்து எழுந்தது இயல்பே.

1970இல் அச்சங்கம் ஆணைக்குழுவிடம் ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தது. குழந்தைகளின் நிகழ்ச்சிகளில் விளம்பரம் கூடாது. ஒவ்வொரு நிலையமும் வாரந்தோறும் 14 மணி நேரமேனும் குழந்தைகளுக்கென ஒதுக்க வேண்டும். அந்நேரமும் 2 முதல் 5 வயது வரையான பாலர், 6 முதல் 9 வயது வரையானோர், 10 முதல் 12 வயது வரையானோர் என மூன்று பிரிவினர்க்கு உரிய வேளைகளிற் பங்கிடப்பட வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். குழந்தைகள் என்று பொதுவாகச் சொல்வது போதாது, எக்குழந்தைகள் என்று சொல்லுக என முதன்முதலிற் கேட்ட முறையான ஆவணங்களுள் இது தலையாயது. விண்ணப்பத்தை ஒட்டி ஆணைக்குழுவுக்கு வந்து குவிந்த கடிதங்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை.

வயதுப் பிரிவு வெறும் எண் விளையாட்டு அன்று. நான்கு வயதுக் குழந்தை, கதை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பகுத்தறிய இயலாதது. கதையிலே தோன்றிய கரடி, மறுகணம் ஒரு தின்பண்டத்தை வாங்கும்படி சொன்னால், அதையும் கதையென்றே அது நம்பும். பத்து வயதுப் பிள்ளை அந்த வேறுபாட்டை அறியும். மேலும், பத்து வயதினர்க்கு ஏற்ற வேகமான கதை பாலர்க்கு விளங்காது. பாலர்க்குரிய எழுத்துப் பாட்டோ பத்து வயதினர்க்குச் சலிப்பூட்டும். வயதைக் குறித்துக்கொண்டு நிகழ்ச்சி ஆக்கினால் விளையும் பயனுக்குச் சான்றும் அதே வேளையிற் கிடைத்தது. ஜோன் கான்ஸ் கூனி முதலானோர் அமைத்த குழந்தைகள் தொலைக்காட்சிப் பட்டறை, 3 முதல் 5 வயது வரையானோரையே கருத்திற் கொண்டு, 'செசமி ஸ்ட்றீற்' என்னும் நிகழ்ச்சியை 1969 நவம்பரில் ஆரம்பித்தது. அதன் பகுதிகள் அவ்வயதுக் குழந்தைகளுக்குக் காட்டிப் பரீட்சிக்கப்பட்டன. ஆனால், அதனை ஒளிபரப்பியவை பெரும்பாலும் இலாப நோக்கற்ற நிலையங்களே.

ஆணைக்குழு நான்கு ஆண்டுகள் ஆலோசித்து, 1974இல் ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஒளிபரப்பாளர் குழந்தைகளுக்குச் சிறப்பான கடமை உடையவர் என்று அது ஏற்றுக்கொண்டது. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையே தெளிவான பிரிவு வேண்டும் என்றும், நிகழ்ச்சியில் வரும் பாத்திரமே அங்கு விளம்பரம் செய்தல் கூடாது என்றும் விதித்தது. பாலர்க்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆனால், எத்தனை மணி நேரம் என்ற கணக்கை மட்டும் குறிக்க மறுத்து, அதனை நிலையத்தாரின் நல்லெண்ணத்துக்கே விட்டது.

அந்நல்லெண்ணத்தின் அளவு 1979இல் தெரியவந்தது. ஆணைக்குழு தானே அமைத்த ஆய்வுப் பிரிவு, விளம்பர விடயத்தில் நிலையங்கள் பெரும்பாலும் சொற்படி நடந்துள்ளன, கல்வி நிகழ்ச்சிகள் விடயத்தில் நடக்கவில்லை என்று அறிக்கை செய்தது. ஆகவே, பாலர்க்கு வாரம் 5 மணி நேரமும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2½ மணி நேரமும் கட்டாயமாக்கலாம் என்ற யோசனை, ஆராயப்பட்ட வழிகளுள் ஒன்றாக முன்வைக்கப்பட்டது. தாய்மார் கேட்ட 14 மணி நேரத்தோடு ஒப்பிடுங்கால் இது சிறிதே. எனினும் வயதுப் பிரிவு அதிலே உயிரோடிருந்தது.

அந்த யோசனை விதியாகுமுன் ஆட்சி மாறியது. 1981இல் சனாதிபதி றீகனால் ஆணைக்குழுவின் தலைவராக்கப்பட்ட மார்க் பௌலர், சந்தையே சிறந்த நடுவர் என்ற கொள்கையினர். தொலைக்காட்சியும் வீட்டுச் சாதனங்களுள் ஒன்றே, பாண் வாட்டும் கருவிக்குப் படம் பொருத்தியது போன்றது என்பது அவருடைய கருத்து. 1984இல் கட்டாய மணி நேர யோசனை கைவிடப்பட்டது. விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பும் நீக்கப்பட்டது. பொம்மை உற்பத்தியாளரின் பொருள்களையே கதாநாயகராகக் கொண்ட சித்திரத் தொடர்கள் இக்காலத்திற் பெருகின. 'ஹீ-மான்' தொடர் 1983இல் வந்தது. விளம்பரத்தையும் கதையையும் பிரித்தறிய இயலாத குழந்தையின் முன், இப்போது கதையே விளம்பரம் ஆயிற்று. 1955 முதல் சி. பி. எஸ். வலையமைப்பில் வாரநாட் காலைதோறும் சிறு குழந்தைகளுடன் நிதானமாகப் பேசி வந்த 'கப்டன் கங்காரு' என்னும் நிகழ்ச்சி, 1982இல் வாரநாட்களிலிருந்து அகற்றப்பட்டு, 1984இல் அவ்வலையமைப்பை விட்டே நீங்கியது.

நீதிமன்றமும் காங்கிரசும் இதனைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கவில்லை. விளம்பர வரம்பை நீக்கியதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 1987இற் கூறியது. 1988இல் காங்கிரசு நிறைவேற்றிய மசோதா, றீகன் கையொப்பமிடாமையால் இறந்தது. 1990இல் மீண்டும் நிறைவேறிய குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டத்திலும் சனாதிபதி புஷ் கையொப்பமிடவில்லை; ஆனால் தடுக்கவும் இல்லை. ஆகவே, அவ்வாண்டு ஒக்டோபரில் அது தானாகவே சட்டமாயிற்று. குழந்தைகளின் நிகழ்ச்சியில் விளம்பரம், வார இறுதி நாட்களில் மணிக்கு 10½ நிமிடத்துக்கும், ஏனைய நாட்களில் 12 நிமிடத்துக்கும் மேற்படலாகாது; அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, குழந்தைகளின் கல்வித் தேவைக்கு நிலையம் ஆற்றிய பணியை ஆணைக்குழு கவனித்தல் வேண்டும். இவை இரண்டும் சட்டத்தின் சாரம்.

1991இல் ஆணைக்குழு இச்சட்டத்துக்கு விதிகள் வகுத்தது. அங்கே வயது இரு வகையாகக் கணிக்கப்பட்டதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். விளம்பர வரம்புக்குக் குழந்தை என்பது 12 வயதும் அதற்குட்பட்டதும். கல்வி நிகழ்ச்சிக்கோ 16 வயதும் அதற்குட்பட்டதும். அன்றியும், எல்லா வயதுப் பிரிவினர்க்கும் ஒவ்வொரு நிலையமும் பணியாற்ற வேண்டும் என்று விதிக்க ஆணைக்குழு மறுத்து, எவ்வயதினர்க்குக் காட்டுவது என்பதை நிலையமே தெரிந்துகொள்ளலாம் என்றது. குழந்தையின் அறிவுக்கோ உணர்வுக்கோ எவ்வகையிலும் நன்மை பயப்பது கல்வி நிகழ்ச்சியே என்ற பரந்த விளக்கமும் தரப்பட்டது. அகன்ற வாயிலும் இரண்டு அளவுகோலும் கொண்ட ஒரு வீடு கட்டப்பட்டது எனலாம்.

வாயிலின் அகலம் விரைவிலே புலப்பட்டது. ஊடகக் கல்வி நிலையம் என்னும் அமைப்பு, ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகச் சட்டத்துறையினரின் துணையோடு, நிலையங்கள் அனுமதி புதுப்பிக்கச் சமர்ப்பித்த பத்திரங்களை எடுத்து வாசித்து, 1992இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வருங்கால விந்தைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'ஜெற்சன்ஸ்' என்ற நகைச்சுவைச் சித்திரம், இருபத்தோராம் நூற்றாண்டு வாழ்வைக் கற்பிக்கின்றதாம். பொம்மைப் போர்வீரரின் 'ஜி. ஐ. ஜோ', சமூகப் பொறுப்பைப் புகட்டுகின்றதாம். நாடு நகைத்தது. நகைப்புக்கு இடந்தந்தவை எவரோ எழுதிய வசைகள் அல்ல. நிலையத்தார் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த வாக்குமூலங்கள். அவற்றை எழுதும்படி சட்டம் பணித்திராவிடின், அவை வெளிச்சத்துக்கு வந்திரா.

இந்த நகைப்பின் விளைவே 1996ஆம் ஆண்டு விதி. சனாதிபதி கிளின்டன் அவ்வாண்டு யூலையில் ஒளிபரப்பாளரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆகஸ்ட் மாதத்தில் றீட் ஹண்ட் தலைமையிலான ஆணைக்குழு விதியை ஏற்றது. வாரம் மூன்று மணி நேரம் 'மைய நிகழ்ச்சி' காட்டும் நிலையத்தின் அனுமதி எளிதிற் புதுப்பிக்கப்படும். மைய நிகழ்ச்சியாவது, 16 வயதுக்கு உட்பட்டோரின் கல்வியை முக்கிய நோக்கமாகக் கொண்டு, காலை 7 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையே, வாரந்தோறும் தவறாது, அரை மணி நேரத்துக்குக் குறையாது நிகழ்வது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கல்வி நோக்கம் யாது, எந்த வயது முதல் எந்த வயது வரையான பிள்ளைகளுக்கு அது உரியது என்பன எழுத்திலே தரப்பட வேண்டும். நிகழ்ச்சி நிரல் வெளியிடும் பத்திரிகையாளர்க்கும் அவ்வயதைத் தெரிவித்தல் வேண்டும். 398ஆம் இலக்கப் படிவம் இதற்கென வகுக்கப்பட்டது. பொதுமக்களும் அதனைப் பார்வையிடலாம். 1970இல் தாய்மார் கேட்ட கேள்வி, ஒரு படிவத்தின் இரு வெற்றிடங்களாக நிலைபெற்றது.

கேள்வி நிலைத்தது, விடையோ நிலையத்தாரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விடையை எழுதுவோர் தமக்கு நட்டம் வராதபடி எழுதுவர் என்பது உலக வழக்கு. இரண்டு அளவுகோல்களை இங்கே நினைவிற் கொள்க. ஒரு நிகழ்ச்சி 6 முதல் 9 வயதினர்க்கு உரியது என்று எழுதினால், அதில் விளம்பர நிமிடங்கள் எண்ணப்படும். 13 முதல் 16 வயதினர்க்கு உரியது என்று எழுதினாலோ, கல்விக் கணக்கில் அரை மணி நேரம் வரவாகும். விளம்பர வரம்பு அதனைத் தீண்டாது. என். பி. சி. வலையமைப்பு 1992இலேயே சனிக்கிழமைக் காலைச் சித்திரங்களைக் கைவிட்டு, பதின்பருவத்தினர்க்கான நாடகங்களைக் காட்டத் தொடங்கியிருந்தது. 2011 முதல் ஏ. பி. சி. வலையமைப்பின் நிலையங்களிலும், அதன்பின் பிற வலையமைப்புகளின் நிலையங்களிலும், விலங்குகள், கடல், பயணம் முதலியன பற்றிய நிகழ்ச்சிகள் அதே 13 முதல் 16 என்ற வயதைத் தாங்கிச் சனிக்கிழமைக் காலையை நிரப்பின. அவை தீயன அல்ல, பல நல்லனவே. ஆனால், பெற்றோரும் பாட்டனாரும் பார்த்து மகிழத்தக்க அவற்றின் முன் நான்கு வயதுக் குழந்தைக்கு இடமில்லை. எக்குழந்தையை முன்னிட்டு 1970இல் விண்ணப்பம் எழுதப்பட்டதோ, அக்குழந்தையே வணிக நிலையங்களின் படிவத்திலிருந்து மெல்ல மெல்ல மறைந்தது. சட்டம் எங்கும் மீறப்படவில்லை.

மீறப்பட்ட இடங்களும் உண்டு. ஸ்பானிய மொழியில் ஒளிபரப்பும் யூனிவிசன் நிறுவனம், இரட்டைச் சகோதரியர் இருவர் இடம் மாறி வாழும் ஒரு தொடர்நாடகத்தைக் குழந்தைகளின் கல்வி நிகழ்ச்சியாகத் தன் அறிக்கைகளிற் காட்டியிருந்தது. ஐக்கிய கிறித்துத் திருச்சபையின் தொடர்பு அலுவலகம் அதனை மறுத்து முறையிட்டது. முதிர்ந்தோரின் சூழ்ச்சிகளே மிகுந்த அந்நாடகம் குழந்தைகளுக்கென ஆக்கப்பட்டதன்று என்பது குற்றச்சாட்டு. 2007இல் அந்நிறுவனம் 2 கோடியே 40 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. இங்கும் வழக்குக்கு ஆதாரமானது, நிலையங்கள் தாமே நிரப்பிக் கொடுத்த படிவமே.

பொதுவாக எல்லா நிகழ்ச்சிகளின் தரமும் எவ்வாறிருந்தது? 'சில்ட்றன் நவ்' என்னும் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, கல்வி நிகழ்ச்சி என முத்திரை பெற்றவற்றுள் உயர்ந்த தரமுடையவை நூற்றுக்கு 13; நடுத்தரமானவை 63; கல்விப் பயன் மிகக் குறைந்தவை 23. முத்திரை பெற்றவை எட்டில் ஒன்றே அம்முத்திரைக்கு முற்றிலும் தகுதியுடையதாய் இருந்தது.

2019 யூலையில் ஆணைக்குழு இவ்விதிகளைத் தளர்த்தியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சமர்ப்பித்த அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கப்பட்டது. காலை எல்லை 6 மணிக்குப் பின்தள்ளப்பட்டது. ஆண்டுக்கு 156 மணி நேரம் என்ற கணக்கு ஏற்கப்பட்டு, அதில் 52 மணி நேரம் வரை வாரந்தவறாத ஒழுங்கின்றியும் நிகழலாம் எனப்பட்டது. கம்பித் தொலைக்காட்சியும் இணையமும் குழந்தைகளுக்கு வேண்டியதை வேண்டியபோது தருகின்றன என்பது தளர்த்தியோர் வாதம். அவற்றுக்குப் பணம் கொடுக்க இயலாத குடும்பத்தின் குழந்தைக்கு வானலையே வழி என்பது எதிர்த்தோர் வாதம். மூவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமும் வாக்களித்தனர். ஆனால், எந்த வயதினர்க்கு என்ற வெற்றிடம் அறிக்கையிலிருந்து நீக்கப்படவில்லை.

ஓர் ஐயம் எழலாம். காட்டத்தகாததைத் தடை செய்வதன்றோ எளிய வழி? பெக்கி சாரென் 2015இல் மறையும்வரை அவ்வழியை ஏற்றாரல்லர். தணிக்கையை அவர் என்றும் எதிர்த்தார். தீயதை நீக்குவது எளிது; நல்லதை வயதறிந்து படைப்பதே அரிது என்பதை அவர் கண்டிருந்தார். தடை, பெட்டியை மௌனமாக்கும். அது பிள்ளைக்கு ஒன்றும் கற்பிக்காது.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று உண்டு. படிவம் தானாக ஒரு குழந்தையையும் காப்பதில்லை. 1992இலும் 2007இலும் அது பயன் தந்ததற்குக் காரணம், எழுதப்பட்டதை எடுத்து, காட்டப்பட்டதோடு ஒப்பிட்டு வாசித்தவர்கள் வெளியே இருந்தமையே. வாசிப்பார் இருந்த போது நிரலில் எழுதிய வயது சாட்சியாயிற்று. வாசிப்பார் இல்லாதபோது அதே வயது இலாபத்துக்கு வழியாயிற்று. எழுதக் கட்டாயப்படுத்துவது சட்டத்தின் வேலை. வாசித்துக் கேட்பது மக்களின் வேலை. பாடசாலையின் இடாப்பில் பெயரும் வயதும் எழுதியிருந்தாற் போதாது. ஒவ்வொரு காலையிலும் அப்பெயரை அழைத்து, பிள்ளை வந்திருக்கிறதா என்று தலைநிமிர்ந்து பார்க்க ஓர் ஆசிரியர் வேண்டும். அமெரிக்க வணிக நிலையங்களின் இடாப்பிலே நான்கு வயதுப் பிள்ளையின் இடம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்ததை, எவரும் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்திருந்தால் அன்றே கண்டிருப்பர்.